கருவின் கால்வழி

(காரைக்காலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

நுண்ணோக்கிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே தமிழாசிரியனுக்கு என்ன வேலை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். சொல் வேண்டப்படும் இடமெல்லாம் தமிழாசிரியனுக்கு வேலை உண்டு.

வரிமீன் என்றொரு சிறுமீன், விரல்நீளமும் இராது. நம் நாவலந்தீவின் ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழ்வது. கங்கையாற்று மீன்களைப் பற்றி ஆமில்டன் என்னும் இசுக்காத்துலாந்து மருத்துவர் 1822-இல் வெளியிட்ட நூலில் அதனை விளக்கியுள்ளார். அதன் முட்டை தாயுடலுக்கு வெளியே வளர்வது. கருவோ கண்ணாடி போல் தெளிவானது. ஒரே நாளில் தலையும் வாலும் உருப்பெற்றுவிடும். ஒற்றைக் கலத்திலிருந்து ஓர் உடல் எழுவதைக் காண விழைவோர்க்கு இதனினும் வாய்ப்பான உயிரி அரிது. கலம் என்றது, நம் பாடநூல்கள் 'செல்' என எழுதுவதைத்தான். அதனைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

முன்னர் இவ்வாய்வைக் கண்ணும் கையுமே செய்தன. கேம்பிரிட்சில் சான் சல்சுடன் என்பார் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவின் கருவை நுண்ணோக்கியில் உற்றுநோக்கி, எக்கலம் எதிலிருந்து பிறந்தது என்று வரைந்து வரைந்தே கண்டார். 1983-இல் அவர் குழுவினர் அக்கருவின் முழுக் கால்வழியையும் வெளியிட்டனர். இருபால் உறுப்பும் உடைய அப்புழு முழுவளர்ச்சி எய்தும்போது அதன் உடற்கலங்கள் 959; வளர்ச்சியின் இடையிலேயே மடிந்தொழிபவை 131. 2002-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

மீன்கருவிலோ கலங்கள் ஆயிரக்கணக்கின; அவை ஓயாது நகர்வன. கண் ஓய்ந்துபோகும். அங்கேதான் கணிப்பொறி துணைக்கு வந்தது. செருமனியின் ஐடெல்பெர்க்கு நகரில் பிலிப்பு கெல்லர், எர்ன்சுட்டு செடெல்சர் முதலியோர் 2008-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீற்றுக்கூரையின் இடுக்கு வழியே நுழையும் கதிரொளியில், அது பட்ட துகள்கள் மட்டும் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல், மெல்லிய தகடு போன்ற ஒளியைக் கருவின் பக்கவாட்டில் செலுத்தி, அதற்குச் செங்குத்தாக நின்று நோக்குவது அவர்தம் முறை. ஒளி ஓர் அடுக்கில் மட்டுமே படுவதால் கருவுக்குக் கேடு குறைவு. கலங்களின் உட்கருவை ஒளிரச் செய்வது முதலில் ஒருவகைக் கடற்சொறியில் கண்டறியப்பட்ட புரதம். ஆம், நம் வலைஞர் வலையில் சிக்கினால் சலிப்போடு தூக்கி எறியும் அந்தச் சொறியின் இனந்தான்!

ஒரு மணித்துளிக்கு 150 கோடிப் படப்புள்ளிகளாக, முதல் 24 மணிநேரக் கருவளர்ச்சி பதிவாயிற்று. ஒரு படத்தின் உட்கரு அடுத்த படத்தில் எங்குச் சென்றது, எப்போது இரண்டாயிற்று என்பதைக் கணிப்பொறி தொடர்ந்து பற்றியது. உட்கருப் பதிவுகள் 5.5 கோடி. கருவின் மூன்றிலொரு பங்குக் கலங்கள் ஒரே நிகழ்வில் உள்ளடுக்குகளாக அமைவது இதனால் தெரியவந்தது.

கருவளர்ச்சியைக் கணக்காக்கலாம் என்று 1952-இலேயே எழுதியவர் ஆலன் தூரிங். வெவ்வேறு விரைவில் பரவும் இரு பொருள்களே புள்ளியையும் வரியையும் தோற்றுவிக்கக் கூடும் என்று கணித்துக் காட்டினார். அவர் பிறந்தது இலண்டனில். அவரைப் பெற்ற தாய் பிறந்தது கோவையை அடுத்த போத்தனூரில். இதனால் தூரிங்கைத் தமிழராக்கி மகிழ வேண்டா! நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று மார்தட்டுவதும் எனக்கு உடன்பாடன்று. அவர்களிடம் நுண்ணோக்கி இல்லை. வளர்நிலைகளைப் பிரித்துக் காணும் கண் இருந்தது. அதற்குச் சொல்லே சான்று. மாவின் பிஞ்சு வடு, பலாவின் பிஞ்சு மூசு, வாழையின் பிஞ்சு கச்சல், தென்னைக்குக் குரும்பை. விலங்கின் இளமைக்கும் பறழ், குருளை, கன்று எனத் தனித்தனிப் பெயரைத் தொல்காப்பிய மரபியல் வகுக்கிறது.

இத்துணைச் செல்வம் உடையோர் இன்று செய்வதென்ன? ஈழத்துப் பாடநூல் 'கரு' என்றால் கலத்தின் நடுப்பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல் 'கரு' என்றால் வளரும் இளவுயிர். யாழ்ப்பாணத்து மாணவனும் காரைக்கால் மாணவனும் ஒரே தொடரைப் படித்து வேறுவேறு பொருள் கொள்வர். நான் சொல்வது இது: 'செல்'லை விடுத்து ஈழத்தாரின் 'கலம்' கொள்வோம், இளவுயிர்க்கு அவர்தம் 'முளையம்' கொள்வோம், நம் 'உட்கரு'வை அவர்கள் கொள்ளட்டும். கலத்தின் மரபுத்தொடர்ச்சிக்குக் 'கால்வழி' போல் பொருந்தும் சொல் வேறில்லை. குடும்பத்துக்கு வழங்கியதைக் கலத்துக்கு நீட்டுகிறோம், அவ்வளவே.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. காரைக்கால் உள்ளிட்ட புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் நடுவண் பாடத்திட்டத்திற்கு மாற்றப்பட்டுவிட்டன. மீனவச் சேரியிலிருந்து வரும் பிள்ளை, தான் நாளும் காணும் சினைமுட்டையின் வளர்ச்சியை ஆங்கிலத்தில் உருப்போடுகிறது. தமிழ்வழி அறிவியல் இயலாது என்பாரிடம் சாமுவேல் கிரீனைக் காட்டுங்கள். அம் மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களும் வெளியிட்டார். (அந்நூல்களில் வடசொல் மலிந்திருந்தது வேறு செய்தி.)

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மீன்சினை முதல் குஞ்சுவரை ஒவ்வொரு நிலைக்கும் உங்கள் கடற்கரை ஊர்களில் பாட்டிமார் என்ன சொல் வழங்குகின்றனர் என்று கேட்டெழுதி வாருங்கள். ஊர்ப்பெயரையும் மீன்பெயரையும் உடன் குறியுங்கள். அடுத்த கூட்டத்தில் அவற்றை எடுத்து வைத்து ஆராய்வோம்.