பகுதி சரியாக இருந்தால் போதுமா?

கணினி அமைப்புகளும் வலையமைப்பும் பயின்று இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

நீங்கள் ஆய்வகத்தில் பழகிய கருவிகள் பலவும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும் என்று உங்களுக்கு முன்பே சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். அப்படியானால் இந்தப் படிப்பில் பழசாகாமல் நிற்பது எது என்ற கேள்விக்கு இன்று விடை தேட விரும்புகிறேன். உங்கள் துறையின் பெரிய விபத்துகள் சிலவற்றைப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். ஏறக்குறைய ஒவ்வொரு பாகமும் தனக்கு இட்ட வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும்போதே மொத்த அமைப்பும் நின்றுபோயிருக்கிறது. பாகங்களைத் தனித்தனியே சரிபார்ப்பவர்கள் உலகில் ஏராளம். அவை ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டி யோசிப்பவர்கள் குறைவு. அந்த யோசனைப் பழக்கமே உங்கள் பட்டத்தின் சாரம் என்பது என் வாதம்.

1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தரவு செல்லும் வேகம் வினாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. இரண்டுக்கும் இடையிலான தூரம் சுமார் 400 கஜம். கம்பி அறுந்துவிடவில்லை. அனுப்பிய பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, போய்ச் சேரவில்லையென்றால் மறுபடி அனுப்ப வேண்டும் என்பது விதி. கணினிகள் அந்த விதிப்படியே நடந்தன. நெரிசலில் தொலைந்ததை ஆளாளுக்குத் திரும்ப அனுப்ப, நெரிசல் மேலும் இறுகியது. வான் ஜேகப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதற்குத் தீர்வு கண்டார்கள். 1988இல் அது கட்டுரையாக வெளிவந்தது. பாதையை அகலப்படுத்துவதையோ, நடுவில் ஒரு அதிகாரியை அமர்த்துவதையோ அவர்கள் தீர்வாகச் சொல்லவில்லை. பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அனுப்புகிற கணினியே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கையில் வடம் பிடிப்பவர்களின் பலம் மட்டும் போதாது, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவரும் வேண்டும். இங்கே இழுப்பவரே முட்டுக்கட்டையும் போடக் கற்றுக்கொண்டார். இணையம் இன்றுவரை நிற்பதற்கு அந்தத் தன்னடக்கம் ஒரு முக்கியக் காரணம்.

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், அரசின் தடையாணைப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்க, அதன் முகவரிகளில் ஒரு சிறு பகுதிக்குத் தானே வழி என்று அறிவித்தது. உள்நாட்டோடு நிற்க வேண்டிய அந்த அறிவிப்பை ஹாங்காங்கைச் சேர்ந்த ஓர் இணைப்பு நிறுவனம் சரிபார்க்காமல் வெளியுலகுக்குக் கடத்திவிட்டது. இரண்டு வழிகள் தெரிந்தால் குறுகலான முகவரி வரம்பைச் சொல்லும் வழியையே ரூட்டர் தேர்ந்தெடுக்கும். உலகின் ரூட்டர்கள் அந்த விதியைப் பிசகாமல் பின்பற்றியதால், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பல நாடுகளில் யூடியூப் காணாமல் போனது. பிழை, கருவிகளுக்குள் இல்லை. அண்டை வலையமைப்பு சொல்வதை அப்படியே நம்பலாம் என்று அவற்றுக்கிடையே இருந்த ஏற்பாட்டில்தான் இருந்தது.

2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணியளவில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் நின்றன. மீண்டு வர ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடித்தது. வழக்கமான பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பை மொத்தமாகத் துண்டித்துவிட்டது. டேட்டா சென்டரோடு பேச முடியாவிட்டால் தன் இருப்பிட அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வது, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களின் பாதுகாப்பு ஏற்பாடு. அவை அப்படியே செய்தன. ஒரு சர்வர் ஒதுங்க வேண்டிய இடத்தில் எல்லாமே ஒதுங்கின. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவையும் முடங்கின. பாதுகாப்புக்கென்று வைத்ததே பாதிப்பைப் பெரிதாக்கியது.

இதெல்லாம் கவனக்குறைவு, கவனமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். எங்கே கவனம் வைப்பது என்று தெரிந்தால்தானே கவனமாக இருக்க முடியும்? ஃபேஸ்புக்கில் தவறான கட்டளைகளைத் தடுக்கவே ஒரு சரிபார்ப்புக் கருவி இருந்தது. அதில் இருந்த பிழையால் அந்தக் கட்டளை நழுவிவிட்டது. அடுத்து, கிளவுட் நிறுவனங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்போது அடித்தளத்தை நாம் ஏன் அறிய வேண்டும் என்பார்கள். வாடகைக்கு எடுத்த சர்வரும் ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு கேபிளின் முனையில்தான் இருக்கிறது. உங்கள் சேவையும் அதன் மாற்று ஏற்பாடும் ஒரே இடத்தை நம்பியிருக்கின்றனவா என்று வாடகைக்கு விட்டவர் உங்களுக்காகக் கேட்டுப் பார்க்கமாட்டார்.

இன்னும் வலுவான மறுப்பு செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. நிரலையும் ரூட்டர் அமைவையும் அதுவே நொடியில் எழுதித் தருகிறதே என்பார்கள். தருகிறது, நன்றாகவே தருகிறது. அதனாலேயே என் வாதம் வலுப்பெறுகிறது. பகுதிகளை எழுதுவது மலிவாக ஆக, அவை சேரும் இடங்கள் பெருகும். சேர்ந்தபின் விளைவதற்குப் பொறுப்பேற்கும் மனிதரின் தேவையும் கூடவே பெருகும். கேட்ட பகுதியை மட்டும் எழுதித் தரும் கருவிக்கு, நாம் கேட்க மறந்த பகுதி தெரியாது.

புதிதாக வேலையில் சேருபவர் ஒரு சிறு மூலையில்தானே இருப்பார், முழுமையை எப்படிப் பார்ப்பார் என்ற ஐயமும் நியாயமானதே. 2024 மார்ச் இறுதியில் ஆன்ட்ரேஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும்போது சுமார் அரை வினாடி கூடுதலாவதைக் கவனித்தார். அவர் வேலை தரவுத்தளம் சார்ந்தது. பாதுகாப்பு ஆய்வு அவர் பொறுப்பு அல்ல. அரை வினாடிதானே என்று விடாமல் காரணத்தைத் துருவிக்கொண்டே போனவர், தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் புகுத்தியிருந்த கள்ளக்கதவைக் கண்டுபிடித்தார். அது லினக்ஸ் கணினிகளில் பரவலாகச் சேருமுன் தடுக்கப்பட்டது. முழுமையைப் பார்க்க உயர்ந்த பதவி தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

பட்டதாரிகளே, உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் செய்யும் மாற்றம் யாரை எட்டும், அது தவறினால் எந்த வழியாகத் திரும்பி வருவோம் என்ற இரண்டையும் எழுதி வைத்த பின்பே கட்டளையை இடுங்கள். காரணம் விளங்காத சிறு தாமதத்தையும் அலட்சியம் செய்யாதீர்கள். பழுது நேர்ந்தால் யார் மீது பழி போடுவது என்று தேடுவதை விட்டு, நடந்ததை மறைக்காமல் எழுதி மற்றவர்கள் படிக்கக் கொடுங்கள். நான் இன்று சொன்னவற்றையெல்லாம் நாம் அறிந்தது, சம்பந்தப்பட்டவர்களோ ஆராய்ந்தவர்களோ அப்படி எழுதி வைத்ததால்தான். உங்களுக்குக் கிடைத்த அந்த அறிவுக் கடனை அடுத்த தலைமுறைக்குத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் அனைவருக்கும், உங்களைப் படிக்கவைத்த பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள்.