அக்கரை வாசத்திற்கு எந்நகரம்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நகரத்தாராகிய நமக்கு அக்கரைச் சீமை புதிதன்று. ரங்கூன், பினாங்கு, சைகோன் முதலிய துறைமுகங்களில் நம் முன்னோர் கொண்டுவிற்றுப் பொருளீட்டிய வரலாற்றை நம்மில் அறியாதார் இலர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசையாகச் சென்று, கிட்டங்கியில் கூடி வாழ்ந்து, மூன்று வருஷத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம்.

இக்காலத்து நம் பிள்ளைகளின் வழி வேறு. முதலாளி லண்டனிலோ நியூயார்க்கிலோ இருக்கிறார். வேலை கணினியில் நடக்கிறது. இணையம் கிடைக்கும் இடமே பெட்டியடி. ஆகவே முதலாளியின் ஊரும் வேண்டாம், சொந்த ஊரும் வேண்டாம், மூன்றாவதாக ஓர் ஊரில் குடியிருக்கலாமே என்னும் எண்ணம் பலருக்கு உண்டாகியிருக்கிறது. 2020ஆம் வருஷத்துப் பெருந்தொற்றுக்குப் பின் பல அரசாங்கங்கள் இத்தகையோருக்கென்றே தனி விசாக்களை ஏற்படுத்தியதும் இதற்குத் தூண்டுகோலாயிற்று.

எவ்வூர் நல்லது என்று கேட்டால், வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு என்று பட்டியல் காட்டுவோர் பலர். தனியாளுக்கு அது போதும். மனைவி மக்களோடு புறப்படுகிறவர் கடிகாரம், காகிதம், காற்று, அயலார் மனம் என்னும் நான்கையும் கொண்டு அளக்கவேண்டும் என்பது நம் அபிப்பிராயம். லிஸ்பன், தாலின், சியாங் மாய், பினாங்கு ஆகிய நான்கு நகரங்களை இவ்வாறு அளந்து பார்ப்போம்.

முதலாவது, கடிகாரம். நியூயார்க்கில் காலை 9 மணிக்குக் கம்பெனி திறக்கும்பொழுது போர்த்துக்கல் தலைநகராகிய லிஸ்பனில் பிற்பகல் 2 மணி. எஸ்தோனியத் தலைநகராகிய தாலினில் மாலை 4 மணி. கோடைக்காலத்தில் அதே வேளை காரைக்குடியில் மாலை 6½; தாய்லாந்தின் சியாங் மாயில் இரவு 8; பினாங்கில் இரவு 9. அமெரிக்க முதலாளிக்கு வேலை செய்பவர் கிழக்கே செல்லச் செல்ல, ஊரிலேயே இருந்திருந்தால் கிடைக்கும் தூக்கத்தையும் இழக்கிறார் என்பது இதனால் விளங்கும். அவர் பகலில் உறங்க, குழந்தைகள் பகலில் வாய்பொத்தி நடக்கும் வீட்டில் சௌக்கியம் ஏது? லண்டன் கடிகாரமே லிஸ்பன் கடிகாரம். சிங்கப்பூர்க் கடிகாரமே பினாங்குக் கடிகாரம். முதலாளி இருக்கும் திசையை நோக்கியே ஊரைத் தேர்வது அறிவுடைமை.

இரண்டாவது, காகிதம். எஸ்தோனியா 2020 ஆகஸ்டு முதல் ஒரு வருஷம் வரை தங்கும் விசாவைத் தருகிறது. அந்நாடு 2014 முதல் வழங்கிவரும் மின்வாசி அட்டையோ கம்பெனி நடத்த உதவுமேயன்றி அங்கே குடியிருக்கும் உரிமையைத் தராது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குதல் கூடாது. போர்த்துக்கல் 2022 அக்டோபரில் ஏற்படுத்திய விசாவுக்கு, அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல் நான்கு மடங்கு வருமானம் காட்டவேண்டும். தாய்லாந்து 2024இல் ஏற்படுத்தியது ஐந்து வருஷ விசாவாயினும், ஒரு வருகைக்கு 180 நாள் என்பதே கணக்கு. 5 லட்சம் பாட் இருப்பும் காட்டவேண்டும். மலேசியா 2022இல் தொடங்கிய அனுமதி ஒரு வருஷத்திற்கு. மேலும் ஒரு வருஷம் நீட்டிக்கலாம். மனைவி மக்களையும் உடன் சேர்க்கலாம்.

இவற்றின் உட்பொருளைக் கவனியுங்கள். இவை குடியேற்றத்திற்கு அழைக்கும் ஓலைகள் அல்ல. பெரும்பாலும் வருமானம் உள்ளவரை திறந்திருக்கும் கதவுகள். வேலை போன மாதத்தில் வாடகை ஒப்பந்தமும் பள்ளிக் கட்டணமும் நிற்கும். தங்கும் ஆதாரமோ ஆட்டங்காணும். இன்னொன்று: ஏறக்குறைய அரை வருஷம் தங்கியவரை இத்தேசங்கள் வரி செலுத்தக் கடமைப்பட்ட வாசியாகக் கருதுகின்றன. இந்நான்குடனும் இந்தியா இரட்டை வரி தவிர்க்கும் உடன்படிக்கை செய்துள்ளது. எனினும் புறப்படுமுன் கணக்காயரைக் கண்டு விசாரித்தல் அவசியம். சலுகைகளும் நிலையானவை அல்ல. போர்த்துக்கல் 2009இல் அயல்நாட்டவர்க்குத் தந்த வரிச் சலுகைத் திட்டத்தை 2024 முதல் புதியவர்க்கு மூடிவிட்டது.

மூன்றாவது, காற்றும் வெயிலும். சியாங் மாயில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். 2023 மார்ச்சில் உலகிலேயே காற்று மிகக் கெட்ட நகரம் என்று பல நாட்கள் அது குறிக்கப்பட்டது. ஆஸ்துமா உள்ள குழந்தையோடு அங்கே செல்வது தகாது. தாலினில் டிசம்பர் இறுதியில் பகல் சுமார் 6 மணி நேரமே. ஆளில்லாத வீட்டில் நாள் முழுவதும் தனித்திருக்கும் பெண்மணிக்கு அவ்விருள் சிறு விஷயமன்று. பினாங்கிலும் சுமத்திராத் தீயின் புகை சில வருஷங்களில் வந்து சூழ்வதுண்டு. இவ்வகையில் லிஸ்பனே சிறந்தது.

நான்காவது, அயலார் மனம். லிஸ்பனில் வீட்டு வாடகை அவ்வூர்ச் சம்பளக்காரருக்கு எட்டாமற் போயிற்று. உல்லாசப் பிரயாணிகளுக்கு வீடு விடுதலும், பிறநாட்டுச் சம்பளத்தோடு வருவோர் பெருகுதலும் காரணங்களுட் சில. 2023 ஏப்ரல் 1ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் வீடு கேட்டு அந்நகர வீதிகளில் ஊர்வலம் போயினர். இதனை நாம் பிறர் கதையாகக் கேட்டல் தகாது. 1930ஐ ஒட்டிய பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ, பர்மாவில் கடன் தீர்க்கமாட்டாதவர் நிலங்கள் நம்மவர் கைக்கு வந்தன. 1938 அளவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் நம்மவருடையது. நிலம் வேண்டிச் சென்றவர் அல்லர் அவர். ஆயினும் நிலம் சேரச் சேர அந்நாட்டார் நெஞ்சில் கசப்பும் சேர்ந்தது. 1942இல் யுத்தம் விரட்டிற்று; 1948இல் நில தேசீயச் சட்டம் வந்தது. சட்டப்படி வாங்கியது என்னும் நியாயம் அயலார் மனத்தைக் குளிர்விக்கவில்லை.

ஆகவே நம் முடிவு இது. லண்டன் முதலாளியை உடையவரும், உயர்ந்த வாடகைக்கு அஞ்சாதவரும் லிஸ்பன் செல்லலாம். புகைமாதங்களில் வேறிடம் பெயரக்கூடிய தனி இளைஞர்க்குச் சியாங் மாய் ஏற்கும். சொந்தத் தொழில் தொடங்க விழைவோர்க்குத் தாலின். குடும்பத்தோடு செல்வோர்க்கு, முதலாளி சிங்கப்பூரிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பின், பினாங்கே முதன்மை. அங்கே தமிழ் கேட்கும். தைப்பூசத்தில் நம்மவர் வெள்ளி ரதம் உலா வரும். அந்நாட்டில் தமிழ்ப் பள்ளிகள் 500க்கு மேல் உள்ளன. எனினும் அவை அந்நாட்டுக் குடிமக்களுக்கென அமைந்தவை. நம் பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தையே கணக்கில் எழுதவேண்டும்.

எவ்வூராயினும் தவணை வைத்தே செல்லுங்கள். திரும்பும் நாளை முன்னரே குறித்து, ஆறு மாதச் செலவை ஊர் வங்கியில் ஒதுக்கி, அங்கே வீடு வாங்கும் ஆசையை அடக்கி, பக்கத்து வீட்டார் மொழியில் நாலு வார்த்தை கற்றுச் செல்லுங்கள். வயது முதிர்ந்த தாய் தந்தையரை யார் பார்ப்பது என்பதையும் பெட்டி கட்டுமுன் பேசி முடியுங்கள். மூன்று வருஷத் தவணை என்பது நம் முன்னோர்க்கு வெறும் கணக்கு வழக்கன்று. போன இடம் சொந்தமன்று என்பதை மறவாதிருக்க அவர்கள் வைத்த அடையாளம். அதனை நம் பிள்ளைகளும் கைக்கொள்வார்களாக என்று வேண்டி, இவ்வுரையை முடிக்கிறோம்.