ஏட்டில் காத்திருந்த மருந்து

 

கி.பி. நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்னும் சீன மருத்துவர் அவசர மருத்துவக் கையேடு ஒன்றை இயற்றினார். விட்டுவிட்டு வரும் சுரத்திற்குச் சிங்ஹாவ் என்னும் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை அது கூறுகிறது.

வியட்நாம் போரில் மலேரியா வீரர்களை வீழ்த்தவே, 1967இல் சீன அரசு மருந்து தேடத் தொடங்கியது. 1969இல் பொறுப்பேற்ற தூ யூயூ அம்மையார் பழைய நூல்களை ஆராய்ந்தார். அப்பூண்டின் சாறு ஒருகால் பயன் தந்தது, மறுகால் பொய்த்தது. கையேட்டை மீண்டும் படித்தபோது, அதில் காய்ச்சும் முறை இல்லை என்பது புலப்பட்டது. வெப்பமே மருந்தை அழிக்கிறது என்று கருதி, ஏறத்தாழ 35 பாகையில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971இல் சாறு எடுத்தார், பயன் உறுதியாயிற்று. நோயாளருக்கு அளிக்குமுன், அவரும் உடன் பணியாற்றியோரும் தாமே உட்கொண்டு அதன் தீங்கின்மையைத் தேர்ந்தனர். அதில் அடங்கிய மருந்தே ஆர்ட்டிமிசினின். 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பழமை யாவும் மெய் என்பாரும், யாவும் பொய் என்பாரும் ஒரு பக்கமே காண்கின்றனர். அநேகாந்தம் போற்றும் சமணர்க்கு இது புதிதன்று. ஏட்டைக் காத்தல் பாதிப் பணியே; கூர்ந்து கற்றலும் சோதித்துத் தெளிதலும் மறுபாதியாகும்.