பெயர் தெரிந்ததால் பிழைத்த நத்தை



செடி கொடிகளுக்கும் பூச்சி புழுக்களுக்கும் பெயர் வைத்து, வகைபிரித்து, கண்ணாடிப் பெட்டியில் அடுக்குவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒரு நத்தையின் வரலாறு.

வட அட்லாண்டிக் கடலில் பெர்முடா என்றொரு குட்டித் தீவுக் கூட்டம். உலகில் வேறெங்கும் இல்லாமல் அங்கே மட்டுமே வாழ்கிற நிலநத்தை ஒன்று உண்டு. பீசிலோசோனைட்டிஸ் பெர்முடென்சிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். உருவத்தில் ஒரு பொத்தான் அளவுதான். வம்சமோ பத்து லட்சம் ஆண்டுப் பழமை கொண்டது!

அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் 1960களில் இந்த நத்தைகளின் புதைபடிவ ஓடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். சுருள்களை எண்ணினார், தடிமனை அளந்தார், நிறப்பட்டைகளை ஒப்பிட்டார். சில ஓடுகள் மெல்லியவை. வளர்ந்த பிறகும் குஞ்சு நத்தையின் சாயல் மாறாதவை. பார்த்தவுடன் எல்லாம் ஒரே கிளை என்று சொல்லத் தோன்றும். கூல்ட் அவசரப்படவில்லை. சுண்ணாம்பு குறைந்த செம்மண்ணில் மெல்லிய ஓடே பிழைக்க உதவியது. ஒரே மூல வம்சத்திலிருந்து அந்த வடிவம் வெவ்வேறு காலங்களில் தனித்தனியாக நான்கு முறையாவது தோன்றியது என்று 1969இல் எழுதினார். உருவம் ஒத்திருப்பதாலேயே உறவு நெருக்கமாகிவிடாது. வகைப்பாட்டியலின் அரிச்சுவடியே இதுதான்.

ஓடுகளை அவர் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் உயிருள்ள நத்தைகள் குறைந்துகொண்டிருந்தன. வெளியிலிருந்து வந்த வேறொரு நத்தை பயிரைத் தின்கிறது என்று, அதை ஒழிக்க 1958இல் நத்தை தின்னும் ஓநாய் நத்தையைப் பெர்முடாவில் இறக்கிவிட்டார்கள். அது விட்டுவைக்குமா? மண்ணின் மைந்தனையே வேட்டையாடியது. பெர்முடா நத்தை அற்றுப்போயிற்று என்றே பலரும் முடிவுகட்டினார்கள்.

2014ஆம் ஆண்டு. தலைநகர் ஹாமில்டன். கட்டடங்களுக்கு நடுவே புல் பூண்டு மண்டிய, ஈரம் கசியும் ஒரு சந்து. அங்கே அந்த நத்தை உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது! தேறியவை 200கூட இல்லை. காட்டில் தொலைந்தது நகரத்துச் சந்தில் கிடைத்தது. 2002இல் மறைந்த கூல்ட் அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

நண்பர்களே, அது இன்ன நத்தைதான் என்று எப்படித் தெரிந்தது? சேகரித்து, விவரித்து, பெயரிட்டு வைத்த தலைமுறைகளால் தெரிந்தது. அந்த அறிவு இல்லையென்றால் அந்தச் சந்தில் சுத்தம் செய்கிற நாளில் குப்பையோடு குப்பையாக அது போயிருக்கும். அடையாளம் தெரிந்ததால் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகம் அதை வளர்த்துப் பெருக்கியது. 2019இல் பெர்முடாவின் நான்சச் தீவில் 4,000க்கும் மேற்பட்ட நத்தைகளை விட்டார்கள். இன்றுவரை விட்டவை ஒரு லட்சத்தைத் தாண்டும்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் 250க்கும் மேற்பட்ட நிலநத்தை இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை அந்த மலைத்தொடரைத் தாண்டி எங்குமே இல்லை. நாமோ, 1847இல் கல்கத்தாவுக்கு வந்து இன்று தோட்டந்தோறும் பரவிவிட்ட ஆப்பிரிக்க ராட்சத நத்தையைப் பார்த்துவிட்டு, நத்தை என்றாலே உப்பைத் தூவுகிறோம். எது வந்தேறி, எது நம் மண்ணுக்கு உரியது என்று பிரித்தறியாத கை, காக்க வேண்டியதையும் சேர்த்தே கொல்லும்.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்குப் பள்ளி வேலியோரம் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கண்ட நத்தையைப் படமெடுத்து, இடமும் தேதியும் குறிக்கச் சொல்லுங்கள். கல்லூரிகளே, வகைப்பாட்டியலை மதிப்பெண் குறைந்தவர்களின் பாடமாக ஒதுக்காதீர்கள். அரசே, அருங்காட்சியகத்தில் நத்தை ஓடுகள் அடுக்கிய பெட்டிகளைப் பராமரிக்க ஆள் கொடுங்கள், பணம் கொடுங்கள். இன்னதென்று தெரியாத உயிருக்காக எந்த மன்றத்திலும் எவரும் வழக்காட முடியாது. தெரிந்துகொள்வோம், தெரிந்ததைக் காப்போம்.