விதி எழுதப் போகிறவர்களுக்கு

பட்டம் பெற்றிருக்கும் பிள்ளைகளே, இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் அம்மா அப்பாமாரே, பேரப்பிள்ளையின் கறுப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மம்மாமாரே!

கணினித் துறையில் படித்து முடித்தவர்களுக்கான விழா இது. நான் வீடியோ கேம்களைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். பெற்றோர் சிலர் ஒருவரை ஒருவர் பார்ப்பது தெரிகிறது. "இரவிரவாய் உதோடதானே கிடந்தவன்" என்று மனதுக்குள் சொல்வதும் விளங்குகிறது. ஆனால் நான் சொல்லப் போகும் கேம்களில் சிலவற்றை உங்கள் பிள்ளைகளே விளையாடியிருக்க மாட்டார்கள். தொழில்நுட்பத்தைக் கொண்டே தொழில்நுட்பத்தைக் கேள்வி கேட்கும் கேம்கள் அவை. அவற்றைப் பற்றிக் கதைக்க ரொறன்ரோவின் இந்தச் சென் ஜேம்ஸ் ரவுணைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

1960களில் எழுந்த இந்தக் கோபுரங்களில்தான் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்திறங்கிய எங்கள் ஆட்கள் பலர் முதன்முதலாகக் குடியேறினார்கள். ஓர் அறை வீட்டில் ஆறேழு பேர். ஒருவர் வேலையால் வர, மற்றவர் எழும்பிப் போவார், பாய் ஒன்றுதான். உணவகங்களில் கோப்பை கழுவினார்கள், தொழிற்சாலைகளில் விடிய விடிய நின்றார்கள். அப்போது வேலை தந்தவருக்கு ஒரு முகம் இருந்தது. ஏசினாலும் அவர்தான் ஏசினார். சம்பளம் குறைந்தால் அவரிடம் போய்க் கேட்கலாம். இன்று வெலஸ்லி தெருவில் இரவு பத்து மணிக்கு நின்று பாருங்கள். சாப்பாட்டுப் பையோடு சைக்கிளில் வருகிறவர், காருக்குள் இருந்தபடி அடுத்த ஓட்டத்துக்குத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர். இவர்களுக்கு வேலை தருவதும் கூலியைத் தீர்மானிப்பதும் ஒரு செயலி. அதன் விதிகளை எழுதியவரை இவர்கள் கண்டதில்லை. எழுதியவரும் இவர்களைக் கண்டதில்லை. நீங்கள் இப்போது அந்த எழுதுகிற பக்கத்துக்குப் போகிறீர்கள்.

2017இல் ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை ஒரு சின்னக் கேமை வெளியிட்டது. பெயர் ஊபர் கேம். செய்தியாளர்கள் ஊபர் சாரதிகள் பலரைக் கண்டு கதைத்து, அவர்கள் சொன்னதை வைத்துச் செய்தது. அதில் நீங்கள் கலிபோர்னியாவில் ஒரு முழுநேரச் சாரதி. இரண்டு பிள்ளைகள். ஒரு கிழமைக்குள் 1000 டொலர் மோட்கேஜ் கட்ட வேண்டும். ஓடத் தொடங்குகிறீர்கள். இன்னும் இத்தனை ஓட்டம் ஓடினால் போனஸ் என்கிறது செயலி. அதே நேரம் வீட்டில் மகனுக்கு வீட்டுப்பாடத்தில் உதவி வேண்டும். இரண்டு பட்டன்கள் திரையில் நிற்கின்றன: வீட்டில் நிற்பதா, ஓடப் போவதா. கிழமை முடிவில் செலவெல்லாம் கழித்து, மணிக்கு எவ்வளவு உழைத்தீர்கள் என்ற கணக்கு வருகிறது.

கட்டுரையில் இதையே வாசித்தால் "பாவம் அந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திருப்புவோம். கேமில் அப்படித் தப்ப முடியாது. பிள்ளையை விட்டுவிட்டுக் காரை எடுத்தது உங்கள் விரல். ஏன் எடுத்தீர்கள்? கெட்டவர் என்பதாலா? இல்லை, விதி அப்படி எழுதப்பட்டிருக்கிறது. போனஸ் எந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வர வேண்டும் என்று யாரோ ஒருவர் தீர்மானித்திருக்கிறார். இந்த வகைக் கேம்களின் பலம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அவை யாரையும் திட்டுவதில்லை. விதியை உங்கள் கையில் தந்து, அதன்படி நடந்து பாருங்கள் என்கின்றன.

இது கலிபோர்னியாக் கதை என்று நினைக்க வேண்டாம். டேவிட் ஹெலர் என்பவர் ரொறன்ரோவில் ஊபர் ஈட்ஸுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர். வேலைச் சட்டப்படி தன்னைப் போன்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தைப் பார்த்தால், முறைப்பாடு ஏதும் இருந்தால் நெதர்லாந்தை இடமாகக் கொண்ட நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. தொடங்குவதற்கே 14,500 அமெரிக்க டொலர் கட்டணம். அவருடைய ஒரு வருட உழைப்பின் பெரும்பகுதி அது. அந்த ஒப்பந்தத்துக்கு அவர் சம்மதித்தது எப்படி? கைத்தொலைபேசித் திரையில் ஒரு தட்டு. 2020 ஜூன் 26ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்று தீர்த்தது. அந்தப் பட்டனை ஒருவர் வரைந்திருப்பார். நிறம் தேர்ந்திருப்பார். நல்ல பிள்ளையாய்ப் படித்துப் பட்டம் பெற்றவராய்த்தான் அவரும் இருந்திருப்பார்.

இனி, உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கும் கைத்தொலைபேசிக்கு வருகிறேன். 2011இல் மோலேஇண்டஸ்ட்ரியா என்ற பெயரில் கேம் செய்யும் பாவ்லோ பெதெர்ச்சினி என்ற இத்தாலியக் கலைஞர் ஃபோன் ஸ்டோரி என்றொரு கேமை வெளியிட்டார். கைத்தொலைபேசியே தன் பிறப்பு வளர்ப்பைச் சொல்லிக்கொண்டு வரும். நீங்கள் விளையாடிக்கொண்டே கேட்க வேண்டும். முதற் கட்டத்தில் கொங்கோ நாட்டுச் சுரங்கம். கோல்டான் தாதுவை அள்ளும் சிறுவர்கள் களைத்து நிற்பார்கள். துவக்கோடு நிற்கும் காவலாளியை அவர்களிடம் நகர்த்தி வேலை வாங்குவது உங்கள் வேலை. அடுத்து சீனத் தொழிற்சாலை. கூரையிலிருந்து குதிக்கும் தொழிலாளரை வலைபிடித்துத் தாங்க வேண்டும். ஃபொக்ஸ்கொன் ஆலைகளில் 2010இல் தொழிலாளர் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்டதும், அதன் பிறகு கட்டடங்களைச் சுற்றி வலை கட்டப்பட்டதும் நடந்த கதை. பிறகு புது மொடல் வாங்க ஓடிவரும் கூட்டம். கடைசியில் பழையதாகிப்போன கருவிகளின் குப்பை. சிறுவர்மேல் இரக்கப்பட்டு விரலை எடுத்தால் கேம் நகராது. கேம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள், அப்பிள் நிறுவனம் அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

பத்து வருடம் கழித்து, 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரில் ஐஃபோன் பொருத்தும் ஃபொக்ஸ்கொன் ஆலையின் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கி இருந்தார்கள். விடுதிச் சாப்பாடு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டவர்கள் வைத்தியசாலைக்குப் போன பிறகு நடந்த மறியல் அது. அப்பிள் அந்த ஆலையைக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த பிள்ளைகள் அவர்கள். உங்கள் வயது, உங்கள் மொழி. கேமில் சீனத்துக் கட்டமாக வந்த இடம் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஃபோன் ஸ்டோரியை யாராவது இன்றைக்குத் திரும்பச் செய்தால், அந்த இரண்டாம் கட்டத்துக்குள் கேட்கும் பேச்சு தமிழாக இருக்கும்.

எல்லாமே தூரத்தில் செய்யப்பட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். இதே நகரில், வாலஸ் அவெனியூவில் இருக்கும் யூபிசொஃப்ட் ரொறன்ரோ செய்தது வாட்ச் டோக்ஸ்: லீஜன். இதை உங்களில் பலர் விளையாடியிருப்பீர்கள். லண்டன் நகரம் முழுவதும் கமராவும் ட்ரோனும். தனியார் படை ஒன்று மக்களை மேய்க்கிறது. அதை எதிர்க்கும் கூட்டத்தில் நீங்கள். ஆனால் வீதியில் போகும் எவரையும் உங்கள் கருவியால் நோக்கினால் அவர் பெயர், தொழில், வாழ்க்கையின் ஒரு துணுக்கு உங்கள் திரையில் வந்து விழும். வேவு பார்ப்பதற்கு எதிரான கேமில் மிகச் சுவையான வேலை வேவு பார்ப்பதுதான். இதை அந்தக் கேமின் பெரிய பலவீனம் என்றே கருதுகிறேன். எதிரியின் கருவி நல்லவர் கையில் இருந்தால் சரி என்று அது விளையாடுபவரின் விரலுக்குப் பழக்கிவிடுகிறது.

அந்தக் கேம் 2020 ஒக்டோபர் கடைசியில் வெளிவந்தது. அதே வாரத்தில் கனடாவின் தனியுரிமை ஆணையாளர் ஓர் அறிக்கை விட்டார். நாங்கள் சனிக்கிழமைகளில் போகும் ஈற்றன் சென்ரர் உட்பட, கடிலாக் ஃபேர்வியூ நிறுவனத்தின் 12 பேரங்காடிகளில், எந்தக் கடை எங்கே என்று காட்டும் திரைப் பலகைகளுக்குள் கமரா மறைந்திருந்தது. வழி பார்க்க நின்றவர்களின் முகத்திலிருந்து வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் ஊகித்தது. 50 லட்சம் முகங்கள் எண்களாக மாற்றிச் சேமிக்கப்பட்டிருந்தன. 2022இல் இன்னோர் அறிக்கை வந்தது. ரிம் ஹோர்ட்டன்ஸ் செயலி, மூடியிருந்த நேரத்திலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆளின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டிருந்ததாம். வீடு எது, வேலைத்தலம் எது, வேறு கோப்பிக்கடைக்குப் போனாரா என்றுகூடக் கணித்தது. இதையொட்டி எழுந்த வழக்குகளைத் தீர்க்க அந்த நிறுவனம் கொடுக்க முன்வந்தது ஒரு சூடான பானமும் ஒரு பேக்கரிப் பண்டமும்.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்காக இன்னுமொரு கேம். லூகாஸ் போப் 2013இல் வெளியிட்ட பேப்பர்ஸ், ப்ளீஸ். அதில் நீங்கள் எல்லைக் காவல் கூண்டுக்குள் இருக்கும் அதிகாரி. ஒவ்வொருவராய் வந்து பாஸ்போட்டை நீட்டுவார்கள். எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து அனுப்புகிறீர்களோ அத்தனைக்குத்தான் கூலி. வீட்டில் உங்கள் குடும்பம் குளிரில் கிடக்கிறது. விதி ஒவ்வொரு நாளும் மாறும். ஒரு கணவன் சரியான பத்திரங்களோடு உள்ளே போகிறான். பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் குறைகிறது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றவர்களுக்கு, ஐ.சி.யை நீட்டிவிட்டு அதை வாங்கிப் பார்ப்பவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, இதை நான் விளக்கத் தேவையில்லை. மறுபக்கக் கதிரையில் இருந்து பார்க்க வைப்பதுதான் அந்தக் கேம் செய்யும் வேலை. நீங்கள் எழுதும் நிரலும் ஒரு நாள் அந்தக் கூண்டாக இருக்கும். கடன் கொடுக்கலாமா, வீடு வாடகைக்குக் கொடுக்கலாமா, அம்மம்மாவுக்கு விசா கொடுக்கலாமா என்று யாரோ ஒருவரின் தாளைப் பார்க்கும்.

கேம் செய்யவே போகிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 2010இல் இயன் போகோஸ்ட் என்ற பேராசிரியர், ஃபேஸ்புக் கேம்கள் மனிதரை எப்படிக் கட்டிப்போடுகின்றன என்று காட்ட மாட்டைத் தட்டும் கேம் ஒன்றைச் செய்தார். ஒரு மாட்டின் படம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதைத் தட்டலாம். காசு கொடுத்தால் முந்தியும் தட்டலாம். அவ்வளவுதான். பல்லாயிரம் பேர் அதை உண்மையாகவே விரும்பி விளையாடத் தொடங்கினார்கள். கண்டனமாகச் செய்ததற்குள்ளேயே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள். 2011இல் அவர் மாடுகளையெல்லாம் இல்லாமல் ஆக்கினார். அதன் பிறகும் சிலர் மாடு நின்ற வெற்றிடத்தைத் தட்டினார்கள். நோக்கம் நல்லதாக இருந்தால் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. விதி என்ன செய்கிறதோ அதுதான் விளையாடுபவரிடம் போய்ச் சேரும்.

அப்படியென்றால் நல்ல விதி எங்கே கிடைக்கும்? இந்த நகரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. விசை கேம்ஸ் என்ற சிறு குழு ரொறன்ரோவில் இருந்து 2023இல் வெளியிட்ட வெண்பா, 1988இல் கனடாவுக்கு வந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த வருடம் பாஃப்டா விருது பெற்றது. அது தொழில்நுட்பத்தைக் கண்டிக்க வந்த கேம் அல்ல. ஆனால் அதில் இட்டலித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேலே போகும் என்பது ஒரு புதிர். அந்த அறிவு எந்தக் கணினி வகுப்பிலிருந்தும் வரவில்லை, அம்மாமாரின் கையிலிருந்து வந்தது. செய்கிறவர்களிடம் கேட்டுத்தான் அந்த விதி எழுதப்பட்டிருக்கிறது. ஊபர் கேமும் சாரதிகளிடம் கேட்டுத்தான் எழுதப்பட்டது.

கேட்டும் நடக்காவிட்டால் என்ன செய்யலாம் என்பதற்கும் இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. 2017இல் கூகிளின் சகோதர நிறுவனமான சைட்வோக் லாப்ஸ், ரொறன்ரோ ஏரிக்கரையில் உணர்கருவிகள் நிறைந்த குடியிருப்பு ஒன்றைக் கட்ட வந்தது. ஒன்ராறியோவின் முன்னாள் தனியுரிமை ஆணையாளர் ஆன் கவுகியன் அதற்கு ஆலோசகராக இருந்தார். தகவலைச் சேகரிக்கும் இடத்திலேயே ஆளின் அடையாளத்தை அழிக்க வேண்டும் என்றார். எல்லாத் தரப்பிடமிருந்தும் அதற்கு உத்தரவாதம் இல்லை என்று தெரிந்ததும் 2018 ஒக்டோபரில் விலகினார். நகரவாசிகளும் விடாமல் கேள்வி கேட்டார்கள். 2020 மே மாதம் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. காரணம் பொருளாதார நிலை என்று நிறுவனம் சொன்னது. எப்படியோ, கேள்விகள் கேட்கப்பட்டது பதிவில் இருக்கிறது.

வேலைக்குப் போன முதல் மாதத்திலேயே பதவி விலகச் சொல்லவில்லை. வீட்டில் வாடகை கட்ட வேண்டும், எனக்கும் தெரியும். கூட்டத்தில் ஒரு பட்டனைப் பற்றிக் கதை வரும்போது, இதை அழுத்துகிறவர் யார், அழுத்தாமல் விட அவருக்கு வழி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கேட்டதை மின்னஞ்சலில் எழுதியும் வையுங்கள்.

இனி ஒரு வேலை இருக்கிறது. மண்டபத்தின் பின்பக்கம், ரோல்ஸும் தேத்தண்ணீரும் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில், ஊபர் கேமைப் போட்டு நான்கு மடிக்கணினிகள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் முதலில் இருக்க வேண்டியவர்கள் பட்டதாரிகள் அல்ல. கார் ஓடுகிற அப்பாமார், சாப்பாடு கொண்டுபோகிற அண்ணாமார், அக்காமார் இருந்து விளையாடுங்கள். பத்து நிமிடம்தான். கலிபோர்னியாவில் நடக்கும் கேம் அது. இங்கத்தைய பனிக்கால ரயர்ச் செலவு அதில் இல்லை. விமான நிலையத்தில் காத்துக் கிடக்கும் நேரத்தை எப்படிக் கணக்கிட வேண்டும், வேறு என்னவெல்லாம் விடுபட்டிருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளே, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் சொல்வதை எழுதி எடுங்கள்.