பெயர் இழந்த பறவை



நம்மில் எவரும் காணாத, இனி எவரும் காண இயலாத பறவையொன்றைப் பற்றி இன்று பேச விழைகின்றோம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே, கண்டங்களுக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் அப்பால் ஹவாய்த் தீவுகள் உள்ளன. எரிமலைகளால் எழுந்த அந்நிலத்தில் தானே வந்து சேர்ந்த தரைவாழ் பாலூட்டி வௌவால் ஒன்றே. மேய்வதற்கு ஆடுமில்லை, மாடுமில்லை. அவ்விடத்தை வாத்துகள் பிடித்துக்கொண்டன. பறந்து வந்த வாத்துகளின் வழித்தோன்றல்கள், பல இலட்சம் ஆண்டுகளில் சிறகு குறுகி, கால் பருத்து, தரையில் மேயும் பெரும் பறவைகளாயின. கவாய்த் தீவில் வாழ்ந்த இனத்தின் அலகு ஆமையின் வாயை ஒத்திருந்தது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாலினேசிய மக்கள் அங்குக் குடியேறினர். அவர்களோடு பன்றியும் நாயும் எலியும் வந்தன. பறக்கவியலாத பறவை பிழைக்குமா? 1778இல் ஜேம்ஸ் குக் அங்குச் சென்றபோது அது இல்லை. ஹவாய் மொழி எழுத்துருப் பெற்றதோ 1820களில்தான். ஆகவே எந்த ஏட்டிலும் அப்பறவை ஏறவில்லை. அதன் பழம்பெயரும் எஞ்சவில்லை.

ஏட்டில் இல்லாதது நாட்டில் இருந்ததே இல்லை என்று வாதிடுவோரை நாம் நன்கறிவோம். அவர்கள் மொலோக்காய்த் தீவின் மணல்மேடுகளைக் கேட்கட்டும். அங்கு வாழ்ந்த ஜோன் அய்டம் என்னும் அம்மையார், காற்று மணலை அரித்த இடங்களில் எலும்புகளைக் கண்டெடுத்தார். பறவையியல் அவர் தொழிலன்று. ஆனால் கண் கூர்மையானது. அவ்வெலும்புகளை ஆராய்ந்து ஓல்சன், வெட்மோர் ஆகிய அறிஞர்கள் 1976இல் புதிய பறவையை உலகுக்கு அறிவித்தனர். மறைந்துபோன வேறொரு பறவைப் பேரினத்திற்குப் பின்னர் அவ்வம்மையாரின் பெயரையே இட்டனர்.

1991இல் ஓல்சனும் ஹெலன் ஜேம்சும் இக்கூட்டத்தில் நான்கு இனங்களை வகுத்துரைத்தனர். பெயரில்லாதவற்றுக்கு ஹவாய் மொழியிலேயே 'மோவா நாலோ' எனப் பெயர் சூட்டினர். 'மறைந்த கோழி' என்பது பொருள். கோழியன்று, வாத்தே என்பதை 1999இல் எலும்பில் எஞ்சிய மரபணுவே உறுதி செய்தது. குகையில் உலர்ந்து கிடந்த எச்சத்தைக் கரைத்துப் பார்த்தபோது, அவை பெரணி இலைகளைத் தின்று வாழ்ந்தமையும் வெளிப்பட்டது. எச்சமும் சாட்சி சொல்லுகிறது, பாருங்கள்!

மற்றொரு சான்று உயிரோடு நிற்கிறது. அத்தீவுகளில் சயானியா என்னும் செடிவகைகள் சில, இளமையில் முள் தாங்குகின்றன. பறவையின் அலகுக்கு எட்டாத உயரம் வளர்ந்ததும் முள்ளை விட்டுவிடுகின்றன. மோவா நாலோவிடமிருந்து காத்துக்கொள்ளவே அம்முள் தோன்றியதென ஆய்வாளர் கருதுகின்றனர். மேய்ந்த வாய் மறைந்து பல நூற்றாண்டுகள் சென்றும், அக்கன்றுகள் இன்றும் முள்ளோடுதான் வளர்கின்றன.