நம் ஆற்று மீன்களும் பண்ணைக் குட்டையும்



மீன் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் உலகில் இதுவரை அறியப்பட்ட மீன் இனங்கள் 35,000-க்கும் மேல். கடலோடு ஒப்பிட்டால் ஆறு, ஏரி, குளங்களின் பரப்பு மிகச் சிறியது. இருந்தும் ஏறக்குறையப் பாதி இனங்கள் நன்னீரில்தான் வாழ்கின்றன. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை உப்பு நீரைக் கடந்து வேறோர் ஆற்றுக்குப் போக இயலாதவை. ஆகவே ஆற்றுக்கு ஆறு தனி இனங்கள் தோன்றின.

கடலுக்கும் ஆற்றுக்கும் போய்வரும் மீன்களும் உண்டு. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, கடலுக்குச் சென்று முட்டையிடும். உள்ளம் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணைகள் குறுக்கிட்டபின் காவிரியில் உள்ளம் மீனின் வரவு அருகிவிட்டது.

சேல் கெண்டை, கெளுத்தி, வாளை, விரால், ஆரால், அயிரை ஆகியவை நம் பகுதி நீர்நிலைகளின் சொந்த மீன்கள். அயிரை மணலை ஒட்டி மேயும். ஆரால் சேற்றில் பதுங்கும். விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். ஒவ்வொன்றுக்கும் இடமும் இரையும் வேறு.

இந்த உண்மையே கூட்டு மீன் வளர்ப்பின் அடிப்படை. தோப்பா என்று நாம் அழைக்கும் கட்லா மேல் நீரிலும், ரோகு நடு நீரிலும், மிர்கால் அடி நீரிலும் இரை தேடும். ஐந்து அடி ஆழம் நீர் நிற்கும் ஒரு ஏக்கர் குளத்திற்கு 2,000 விரலளவுக் குஞ்சுகள் போதும். கட்லா 800, ரோகு 600, மிர்கால் 600 என்ற அளவில் விடலாம். குஞ்சு விடுமுன் விராலையும் வாளையையும் வலையிட்டு நீக்குக. அவை குஞ்சுகளைத் தின்றுவிடும். 1952-ல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி மீனும் வேண்டாம். அது குளத்திலேயே அடிக்கடி குஞ்சு பொரித்துப் பெருகி, தீனிக்குப் போட்டியிடும்.

இனி எச்சரிக்கை ஒன்று. விரைவில் பருக்கும் என்று சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சுகளை விற்பார்கள். இதன் வளர்ப்பை மத்திய அரசு 2000-ஆம் ஆண்டில் தடை செய்தது. இது காற்றையும் சுவாசிக்கும். ஆகவே கெட்ட நீரிலும் பிழைக்கும். கண்ட மீனையும் தவளையையும் விழுங்கும். "என் குட்டையில்தானே இருக்கிறது" என்று எண்ண வேண்டாம். ஐப்பசி மழையில் குட்டை வழிந்தால் சேலம் பக்கத்து நீர் திருமணிமுத்தாற்றில் சேரும். அது நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. ஓமலூர், எடப்பாடி பக்கத்து நீரைச் சரபங்கா நதி காவிரிக்குக் கொண்டு செல்கிறது. ஒருவர் குட்டையிலிருந்து தப்பும் மீன் ஆற்றையே நம்பிப் பிழைக்கும் மீனவர் வலைக்கும் கேடாகும். ஆற்றில் பரவியபின் அதை முற்றிலும் ஒழிப்பது இயலாத காரியம்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள். குஞ்சுகளை அரசு மீன் பண்ணையிலோ, மீன்வளத் துறை அங்கீகரித்த பண்ணையிலோ மட்டும் வாங்குங்கள். மழைக்கு முன்பே கரையை உயர்த்தி, நீர் வழியும் இடத்தில் சிறுகண் வலை கட்டுங்கள். குட்டையில் தடை செய்யப்பட்ட கெளுத்தி இருந்தால் நீரை வற்றவைத்து, ஒன்று விடாமல் அழித்து, ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். உயிரோடு வெளியே விடாதீர்கள்.

குட்டை உங்களுடையது, ஆறு நம் எல்லோருடையது. இரண்டையும் காத்துப் பயன் பெறுவீர்களாக.